அம்மாவின் மறதிக்கு நார்ச்சத்துப் பவுடர் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா போன பிறகு திருநெல்வேலியில் எங்களோடு இருக்கிறார். நாங்கள் சைவம். ஏழெட்டு மாதமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். இரண்டு தடவை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனார். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை, பாத எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்சிபியூட்டினின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக மலச்சிக்கல். வாய் உலர்கிறது என்கிறார். பல்செட் ஆடுகிறது என்று கழற்றியே வைத்திருக்கிறார். காலையில் 3 இட்லி, மதியம் ரசம் சாதம் அல்லது தயிர் சாதம், சாயங்காலம் பாலில் ஊறிய ரொட்டி, இரவு இடியாப்பம் அல்லது ரவை உப்புமா. ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, ‘நார்ச்சத்து எடுத்தால் 12 வாரத்தில் ஞாபக சக்தி கூடும், லண்டனில் நிரூபித்திருக்கிறார்கள்’ என்று ஒரு வீடியோவையும் 1,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பாவையும் அனுப்பிவிட்டான். கொடுக்கலாமா? சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியுமா? எனக்கு 52 வயது. எனக்கும் இப்படி வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். நார்ச்சத்து வேண்டாம் என்பதால் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு அது நிச்சயம் குறைவாகத்தான் போகிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மாத்திரை விவரம், அந்தப் பவுடரைவிட அவருடைய ஞாபகத்துக்கு நெருக்கமான விஷயம் என்று எனக்குப் படுகிறது. நான் மருத்துவர் இல்லை, முதியோர் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் உணவியல் ஆலோசகர். அதனால் மாத்திரையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிடுவோம். அவர் சொல்வதில் முழுப் பொய் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. 60 வயது தாண்டிய 36 ஜோடி இரட்டையர்கள், மொத்தம் 72 பேர். ஜோடியில் ஒருவருக்குத் தினமும் 7.5 கிராம், இனுலின் என்ற நார்ச்சத்தும் அதன் உறவான இன்னொரு நார்ச்சத்தும் கலந்த பொடி. இன்னொருவருக்குச் சத்தில்லாத போலிப் பொடி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இருவருக்குமே புரதப் பொடியும் தசைக்கான உடற்பயிற்சியும் உண்டு. 12 வாரம் நடந்தது.

வீடியோக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இனிமேல்தான். ஆய்வாளர்கள் முதன்மையாகத் தேடியது தசை வலிமையை. நாற்காலியிலிருந்து எவ்வளவு வேகமாக எழ முடிகிறது என்பதுதான் அளவுகோல். அதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. கூடவே வைத்திருந்த அறிவாற்றல் தேர்வுகளில்தான் நார்ச்சத்து எடுத்தவர்கள் சற்று மேலே வந்தார்கள். எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்று நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையில் அவர்கள் செய்த பிழைகள் குறைந்தன. குடலில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல வகை நுண்ணுயிர்களும் பெருகியிருந்தன. நல்ல செய்திதான், நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் 72 பேர், மூன்று மாதம். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தவர்களுக்கு அது குணமானது என்றோ, வரவிருந்தது தடுக்கப்பட்டது என்றோ இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பாலை அடுப்பில் மறக்கிற ஒருவருக்கு இதை மருந்தாக நீட்டுவது ஆய்வு சொல்லாத இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையில் போலிப் பொடியாகக் கொடுக்கப்பட்டது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள். நம் கடைகளில் விற்கும் சத்துப் பவுடர்கள் பலவற்றில் இதுதான் இடத்தை நிரப்பும் சரக்கு. உங்கள் டப்பாவைத் திருப்பி, பொருள் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் உங்கள் தம்பி பணம் கொடுத்து வாங்கியிருப்பது பெரும்பாலும் அந்தப் போலிப் பொடியைத்தான். சர்க்கரைக்காரர்களுக்கு அது ரத்தச் சர்க்கரையையும் சட்டென்று ஏற்றும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது ஜப்பானில் நடந்த நீண்ட கால ஆய்வு. 40 முதல் 64 வயது வரையிலான 3,739 பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1985க்கும் 1999க்கும் இடையில் குறித்து வைத்தார்கள். பிறகு 2020 வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் 670 பேருக்கு, அடுத்தவர் கவனிப்பு தேவைப்படும் அளவுக்கு மறதி நோய் வந்தது. நார்ச்சத்து மிக அதிகமாகச் சாப்பிட்ட கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்ட கால்வாசிப் பேரைவிட அந்த அபாயம் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. அதிலும் தண்ணீரில் கரையும் வகை நார்ச்சத்தோடுதான் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. காய்கறி, பருப்பு அதிகம் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம், அதனால் நார்ச்சத்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் 20 வருடம் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கனம் உண்டு.

எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்கட்டும். மூளைக்கு நல்லது என்று பெயர் வாங்கிய ‘மைண்ட்’ உணவுமுறையை, கீரை, பருப்பு வகை, முழுத்தானியம், கொட்டைகள் நிறைந்ததை, அமெரிக்காவில் 604 பேரிடம் 3 வருடம் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் குடும்பத்தில் மறதி நோய் இருந்தது. முடிவில் அந்த உணவுமுறைக்கும், வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்டதற்கும் நினைவாற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, இந்த வயதில் தட்டை மட்டும் மாற்றி மூளையை மாற்றிவிடலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்று கிடையாது.

அப்படியானால் நார்ச்சத்தும் மூளையும் எங்கேதான் சந்திக்கின்றன? நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்ரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. குடல் சுவருக்கு அவை தீனி. உடம்பில் ஓடும் மெல்லிய அழற்சியைத் தணிப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ரத்தத்திலிருந்து வேண்டாதவை மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு வரைக்கும் இதன் பலன் எட்டுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் அந்தக் கதை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. ஆனால் சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அதில் சந்தேகம் குறைவு. கரையும் நார்ச்சத்து சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை இறக்குகிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் உணவு என்று தனி வரி இல்லை. ஆனால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன், எல்டிஎல் எல்லாம் இருக்கின்றன. காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, உடல் அசைவின்மை இவையும் இருக்கின்றன. அப்பா போன பிறகு அம்மா உங்களிடம் வந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காது எப்படிக் கேட்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. கேட்டதையே கேட்பவர்களில் சிலருக்கு முதல் தடவை சொன்னது காதிலேயே விழுந்திருக்காது.

சரி, இப்போது மாத்திரைகள்.

அமிட்ரிப்டிலின், ஆக்சிபியூட்டினின் இரண்டும் உடம்பில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியை மறிக்கும் வகையைச் சேர்ந்தவை. குடல் அசைவதற்கும், எச்சில் சுரப்பதற்கும், மூளையில் புதிதாக ஒன்றைப் பதிய வைப்பதற்கும் வேண்டியிருப்பது அதே செய்திதான். எனவே இவற்றால் மலச்சிக்கலும் வாய் உலர்வும் மறதியும் ஒரே சமயத்தில் வர முடியும். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல் இந்த வகை மருந்துகளைப் பற்றி எச்சரிக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகச் சேரும்போது இன்னும் கவனம் வேண்டும் என்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், பெனிரமின் மாத்திரைகளும் இதே கூட்டம். அம்மா அப்படி ஏதாவது கைவசம் வைத்திருக்கிறாரா என்று மருந்து டப்பாவைத் துழாவிப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். எச்சில் குறைந்தால் பல்செட் ஈறில் ஒட்டி நிற்காது, ஆடும், உறுத்தும். பல்செட் கழன்றால் காயும் சுண்டலும் போய், இட்லியும் ரசம் சாதமும் ரொட்டியும் மட்டும் மிஞ்சும். நார்ச்சத்து அப்படித்தான் தட்டைவிட்டுப் போயிருக்கிறது. அதோடு குடலையும் மாத்திரை மெதுவாக்கினால் மலம் கட்டுகிறது. மலம் கட்டி நின்றால் அது சிறுநீர்ப்பையை அழுத்தி, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வைத் தூண்டும். அதற்கு மாத்திரை, ராத்திரி பயத்தில் தண்ணீர் குறைப்பு, மறுபடி மலச்சிக்கல். எந்த மாத்திரையை அவர் முதலில் ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். மலச்சிக்கலும் மறதியும் எந்தச் சீட்டுக்குப் பிறகு தொடங்கின என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அமிலத்தைக் குறைக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரை நீண்ட நாள் எடுத்தாலும் குறையலாம். சைவ உணவில் பி12 பாலிலும் தயிரிலும்தான் கொஞ்சம் கிடைக்கும். அம்மாவுக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பி12 குறைந்தால் மறதி வரும், பாத எரிச்சலும் வரும். பாத எரிச்சலைச் சர்க்கரையின் விளைவு என்று எடுத்துக்கொண்டு அமிட்ரிப்டிலின் கொடுத்திருப்பார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பி12 அளவைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான், குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போட்டு நிரப்பிவிடலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மறதி திரும்புவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. இதை எந்த நார்ச்சத்தும் செய்யாது.

எனவே அடுத்த வாரமே அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அமிட்ரிப்டிலினும் ஆக்சிபியூட்டினினும் இன்னும் தேவையா, மாற்று உண்டா என்று கேளுங்கள். உண்டு, பெரும்பாலும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அமிட்ரிப்டிலினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமும் போகும், உடம்பும் படுத்தும். பி12, தைராய்டு, சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நினைவாற்றல் தேர்வு ஒன்றும் செய்யச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. மறதி ஓரிரு நாளில் திடீரென்று கூடினாலோ, தலையில் அடிபட விழுந்திருந்தாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு வயிறு வீங்கி வாயு கூடப் போகாமல் நிற்பது, இவையும் அப்படித்தான். அதுவரை பால் காய்ச்சுவது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் உண்மையிலேயே மறதி நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொல்லலாம். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது, அரிதான விஷயம் இல்லை. அப்போதும் கீழே சொல்லப்போகும் சாப்பாடு மாறாது.

இனி தட்டு. நீங்கள் எழுதிய சாப்பாட்டில் என் கணக்குப்படி நாளுக்கு 10, 12 கிராம் நார்ச்சத்து தேறினால் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. ஏன் இவ்வளவு குறைகிறது என்றால், தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் நார் இருக்கிறது. ரவையும் ரொட்டியும் பெரிதாகச் சேர்ப்பதில்லை. தோல் நீக்காத கறுப்பு உளுந்தில் ஏறக்குறைய 20 கிராம், தோல் போன வெள்ளை உளுந்தில் 12. முழுச் சிறுபயற்றில் 17, தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பில் 9 கிராமைச் சற்றுத் தாண்டும். தோலோடு பாதி நார் போய்விடுகிறது.

பல் இல்லாதவருக்கு இதையெல்லாம் எப்படிக் கொடுப்பது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும். வேக வைப்பதாலோ மசிப்பதாலோ மிக்ஸியில் அரைப்பதாலோ நார்ச்சத்து போய்விடாது. வடிகட்டினால்தான் போகும். இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சமையல் தானாக அமைந்துவிடும். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சுவார்களே, குழந்தைக்குச் சரி, அம்மாவுக்கு வேண்டாம். முழு கேழ்வரகு மாவைச் சலிக்காமல் கூழாகக் காய்ச்சுங்கள். 100 கிராம் மாவில் 11 கிராம் நார் இருக்கிறது. பழச்சாற்றுக்கும் இதே கதைதான், வடிகட்டியில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

உங்கள் ஊருக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறதே, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் போட்டு ஒன்றாகப் பொங்குவது, அதைவிட நல்ல முதியோர் உணவு எனக்குத் தெரியாது. தண்ணீர் கூட வைத்துக் குழைய விடுங்கள். ஒருவருக்கு 40 கிராம் அரிசியும் 25 கிராம் உளுந்தும் என்று வைத்தால் ஒரே வேளையில் 7 கிராம் நார் சேர்ந்துவிடும், பாதி நாளின் குறையை அது நிரப்புகிறது. வெந்தயத்தில் கரையும் நார் நிறைய இருக்கிறது, ஜப்பான்காரர்கள் பார்த்த அதே வகை. எள்ளுத் துவையலை நைஸாக அரைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். வாரம் மூன்று நாள் மதியம் ரசம் சாதத்துக்குப் பதிலாக இது இருந்தால் போதும்.

சாயங்கால ரொட்டியை எடுத்துவிட்டுச் சிறுபயற்றுக் கஞ்சி வையுங்கள். 30 கிராம் முழுப் பயற்றை ஊற வைத்து, குக்கரில் மசிய வேகவிட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால், சின்ன வெங்காயம், உப்பு. கருப்பட்டி வேண்டாம், அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கீரை நாளுக்கு ஒரு கைப்பிடியாவது போகட்டும். முருங்கைக்கீரை பச்சையாக 100 கிராமில் 8 கிராம் நார். ஆனால் காம்போடு போட்டால் பல்செட்டில் சிக்கும், அவர் ஒரு வாரத்தில் வேண்டாம் என்பார். இலையை மட்டும் உருவிப் பருப்போடு வேகவைத்துக் கடைந்துவிடுங்கள். சீனியவரைக்காயும் நல்ல நார், பொடியாக நறுக்கிக் கூட்டில் போட வேண்டும், உலர்ந்த பொரியலாக வைத்தால் எச்சில் இல்லாத வாயில் அது உருளும். பனங்கிழங்கு சீசனில் அதை அவித்து நாரை உரித்து இடித்துக் கொடுக்கலாம், முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள். கனிந்த கொய்யாவின் சதையை விதை நீக்கி வழித்துக் கொடுக்கலாம்.

சிறுதானியம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாமை, வரகு நல்லவைதான், ஆனால் பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று பளபளப்பாக இருந்தால் அரிசியைப் போலவே தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பழைய சோற்றைப் பற்றியும் பெரிய பேச்சு. சாதம் ஆறும்போது அதில் ஒரு பங்கு மாவு செரிக்காத வகையாக மாறுகிறது, குடல் பாக்டீரியாவுக்கு அதுவும் உணவு, உண்மை. அளவு கொஞ்சம்தான். பிடித்தால் சாப்பிடட்டும், மருந்து மாதிரி திணிக்க வேண்டாம்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. 12 கிராமிலிருந்து 25க்கு ஒரே நாளில் தாவினால் வாயு, வயிற்று உப்புசம், வலி எல்லாம் வந்து, ‘உன் வைத்தியமே வேண்டாம்’ என்று அம்மா மறுபடி ரொட்டிக்குப் போய்விடுவார். வாரத்துக்கு ஒரு மாற்றம். முதல் வாரம் கஞ்சி மட்டும், அடுத்த வாரம் உளுந்துச் சோறு, அப்புறம் கீரை. ஒவ்வொன்றும் பழகட்டும்.

தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தைக் கூட்டுவது கட்டியிருக்கும் குடலில் இன்னும் சரக்கை ஏற்றுவது போல. நான் டப்பாவை வேண்டாம் என்றதற்கு இதுதான் பெரிய காரணம். அதில் இசப்கோல் போல நீரை உறிஞ்சி வீங்கும் வகை இருந்தால், இவ்வளவு குறைவாகத் தண்ணீர் குடிப்பவருக்குத் தொண்டையிலோ குடலிலோ அடைப்புகூட ஆகலாம். விழுங்கும்போது இருமல் வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் அது இன்னும் ஆபத்து. அத்தகைய பொடிகள் சேர்ந்து எடுக்கும் மாத்திரைகளின் உறிஞ்சலையும் குறைக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தண்ணீரைப் பகலில் முடித்துவிடப் பழக்குங்கள். எழுந்ததிலிருந்து மாலை 5 மணிக்குள் 6 டம்ளர், மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். 6 மணிக்கு மேல் கொஞ்சமாக. ராத்திரிப் பயம் குறையும். இதய பலவீனத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான்.

12 வருடச் சர்க்கரை என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கீரையையும் பயற்றையும் முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். கிரியேட்டினின் கூடி, பொட்டாசியமும் ஏறியிருந்தால் மேலே சொன்ன பட்டியலில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது உங்கள் ஊரில் ஒரு உணவியலாளரை நேரில் பார்ப்பது நல்லது, கடிதத்தில் முடிகிற காரியமில்லை.

பல்செட்டைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோய் அடிப்பகுதியை ஈறுக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். புதிதாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். தம்பி 1,800 ரூபாயை அம்மாவுக்காகச் செலவழிக்கத் தயாராக இருக்கிறார் அல்லவா, டப்பாவைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அந்தப் பணம் பி12 பரிசோதனைக்கும் இந்தப் பல்செட் வேலைக்கும் போகட்டும். அவரிடம் கோபப்படாதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப முடிந்தது பார்சல்தான்.

காலைச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்தில் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள், அந்த நேரத்தில்தான் குடல் தானாக அசையும். மேல்நாட்டு வகைக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு குட்டை ஸ்டூல் வையுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஜப்பான் ஆய்வில் சாப்பாட்டைக் கணக்கெடுத்தது 40 முதல் 64 வயதில் என்று சொன்னேன். அதாவது அந்த ஆய்வு பேசுவது உங்கள் அம்மாவின் தட்டைப் பற்றி அல்ல, உங்கள் தட்டைப் பற்றி. உளுந்துச் சோறும் பயறும் கீரையும் செய்யும்போது அம்மாவுக்கென்று தனிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், உங்களுக்கும் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பல் இருக்கிறது, நீங்கள் சுண்டலாகவே சாப்பிடலாம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மாவும் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். கூடவே இந்த மாதம் உங்கள் ரத்த அழுத்தம், எல்டிஎல், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். 52 வயதில் ரத்த அழுத்தத்தையும் எல்டிஎல்லையும் கட்டுக்குள் வைப்பதற்கு இருக்கும் ஆதாரம், எந்தப் பவுடருக்கும் இருப்பதைவிடப் பலமானது. அம்மாவுக்கு வந்தது பி12 குறைவாலோ மாத்திரையாலோ என்றால் அதில் உங்களுக்கு வம்சமாக வருவதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, பரிசோதனை முடிவுகளும் எந்த மாத்திரை மாறியது என்பதும் தெரிந்ததும் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு அம்மா எந்தெந்த நாள் மலம் கழித்தார் என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்து வந்தால், அடுத்த கட்டம் என்ன என்று சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.